ஒரு வண்டியா, இரண்டா

"உள்ளே போகாது" என்றார் ஹெல்தூர்,
இன்ச் டேப்பை எடுப்பதற்கு முன்பே.

வில்யாண்டியில், பனி உருகிச் சேறான முற்றம்.
என் ரெனோ வேன்
ஒரு ரொட்டிக்கடைக்காரன் விற்றுத் தள்ளியது,
மூலைகளில் இன்னும் மாவு.
திறந்த அதன் பின்கதவுக்கு எதிரே
கருஞ்சிவப்பு ஜாவா,
கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டு
எக்ஸ்ரே அறையில் நிற்பவரைப் போல.

எனக்கு அந்த நிற்பு தெரியும்.
இருபத்தாறு வருடமாக
மனிதர்களைக் கட்டிலுக்குக் கட்டில் மாற்றுகிறேன்.
போகாதது என்று ஒன்று கிடையாது,
எதை முதலில் தூக்குவது என்பதுதான் கேள்வி.

பெட்ரோல் டேங்கைக் கழற்றினோம்.
ஹேண்டில்பாரைக் கீழே திருப்பினோம்.
பலகை வளைந்தது, அவர் முதுகும்.
ஆனை நுழைந்து வால் மாட்டிய கதையாக
கிளட்ச் பிடி மட்டும்
கதவு விளிம்பில் முட்டி நின்றது.
மூன்று விரற்கடை.

"சொன்னேனே" என்றார்.
குரலில் பாதி மகிழ்ச்சி.

காசைத் திருப்பிக் கேட்கட்டுமா என்று யோசித்தேன்.
சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.
பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து
பின்டயரின் வால்வில் வைத்து அழுத்தினார்.

உஸ்ஸ்ஸ்.

அடுத்தது முன்டயர்.
"போன அக்டோபரில் அடைத்த காற்று.
ஓட்டவில்லை. சும்மா அடைத்தேன்."
முகத்தை வால்வுப் பக்கமே வைத்திருந்தார்.
மூன்று விரற்கடை இறங்கியதும்
நான் தள்ளினேனா, அவரா, தெரியவில்லை.

முன்சக்கரம் இரண்டு சீட்டுக்கும் நடுவே
மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது.
கியர் மாற்றும்போதெல்லாம் முழங்கையில் ரப்பர்.
துண்டில் சுற்றிய டேங்க் பக்கத்து சீட்டில்.
பார்னு தாண்டும்வரை
ஆள் இருக்கிறது, பெல்ட் போடு என்று
வேன் கத்திக்கொண்டே வந்தது.
ஒரு பஸ் நிறுத்தத்தில் ஓரங்கட்டி
டேங்குக்குப் பெல்ட் போட்டேன்.
அமைதி.
பெட்ரோல் மட்டும் உள்ளே
மெல்லக் குலுங்கிப் பேசிக்கொண்டிருந்தது.

விர்ட்சு படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் பெண்
குனிந்து எட்டிப் பார்த்தாள்.
"ஒரு வண்டியா, இரண்டா?"
டயரில் காற்றில்லை என்றேன்.
யோசித்தாள். பின்னால் ஹாரன்கள்.
"அப்போ அது சாமான்" என்று
ஒன்றுக்கே வாங்கிக்கொண்டாள்.

வீடு வந்தபோது மணி எட்டு.
ஏற்ற இரண்டு பேர், இறக்க நான் ஒருத்தி.
எதிர்வீட்டு ஊர்மாஸ் கடலுக்குப் போயிருந்தான்,
அவன் காற்றடிக்கும் பம்பும் பூட்டிக் கிடந்தது.
ஒன்பதுக்கு நைட் டியூட்டி.

அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன்.
ஆஸ்பத்திரி வாசலில்
சிகரெட்டோடு நின்ற வார்டுபாய்
என் தலைமுடியை முகர்ந்து,
"வைகே, இது என்ன சென்ட்?" என்றான்.

விடிகாலை நாலு மணிக்கு
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
விளக்குக் கம்பத்தின் கீழ் வேன்,
பெல்ட் போட்டபடி டேங்க்.
ஹெல்தூரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி:
முன்டயருக்கு இருபத்திரண்டு.
அதிகம் வேண்டாம்.