பிடியரிசி

சனிக்கிழமை நாலு மணி.
முதுகில் மூங்கில் கூடை, நெற்றியில் அதன் வார்,
கையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று.
அய்சாலில் எங்கள் தெரு என்பது
முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள்தான்.
வீடுகள் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு நிற்கின்றன.

ஒவ்வொரு வீட்டு அடுப்பருகிலும் ஒரு டப்பா.
சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து
உலையில் இடுமுன்
ஒரு பிடி எடுத்து அதில் போட வேண்டும்.
மிச்சத்திலிருந்து அல்ல,
முதலிலிருந்து.
விற்ற காசில்
மலைக்கு அப்பால் எங்கோ ஒரு பள்ளி நடக்கிறதாம்.
நான் பார்த்ததில்லை.

பதினோரு வருடமாக வாங்குகிறேன்.
அரிசியைக் காட்டுங்கள், வீட்டைச் சொல்வேன்.
நீளமாய், மணமாய் வருவது
கான்டிராக்டர் பியாக்லியானா வீடு;
போடுவது சமையல்காரப் பெண்,
அவர் கைக்கும் டப்பாவுக்கும் பழக்கமில்லை.
ரோகிமி வீட்டில் ரேஷன் அரிசி,
கல் பொறுக்கிவிட்டுத்தான் போடுவாள்.
தனக்குச் சமைப்பதில் பொறுக்குவாளா, தெரியாது.

இருநூற்று நாற்பதாம் படியில் சைரெம்மாவி.
சித்திரை மழைக்குச் சரிந்த மண்
அவள் கணவனின் சுமோ வண்டியைப்
பள்ளத்துக்குக் கொண்டுபோயிருந்தது.
ஆள் பிழைத்தான்; வண்டி பிழைக்கவில்லை.

டப்பாவோடு ஒரு காலண்டர் துண்டையும் நீட்டினாள்.
பென்சில் எழுத்து:
‘புதன் இரவு மூன்று பிடி திரும்ப எடுத்தேன். கடன்.’

என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
தேதி, வீடு, எடை. அவ்வளவுதான்.
‘பரவாயில்லை, விடு’ என்றேன்
பெரிய மனசு பண்ணி.

அவள் முகம் இறுகியது.
‘விடுவதற்கு
உன்னுடையதா அது?’

எழுதிக்கொண்டேன்.

பத்தொன்பது கிலோ.
இறங்கும்போது வார் நெற்றியை அறுத்தது.
அது வழக்கம்தான்.
அவள் கேட்டதுதான் படிக்குப் படி இடித்தது.

என்னுடையதா?
நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர்,
தொட்டி நிரம்பிச் சாக்கடைக்கு வழிந்தபோது
நான் போனில் சிரித்துக்கொண்டிருந்த அரைமணி நேரம்,
அந்த அரைமணி,
அந்தச் சிரிப்பு,
இரண்டு வருடமாகப் பெட்டியில் மடங்கிக் கிடக்கும்
யாருக்கோ பொருந்தியிருக்கக்கூடிய கம்பளிச் சட்டை.
டப்பாவுக்குள் விழுந்தது மட்டும் அவருடையது,
பானையில் கிடப்பது என்னுடையது என்று
எனக்குச் சொன்னது யார்?
வேதத்தில் உக்கிராணக்காரன் என்று வாசிக்கும்போதெல்லாம்
யாரோ ஒரு பழைய காலத்து ஆளை,
தலைப்பாகையும் சாவிக்கொத்துமாக,
நினைத்துக்கொள்வேன்.
நெற்றியில் வார்த்தழும்போடு
ஒரு பெண்ணை நினைத்ததில்லை.

வீடு வந்தேன். விளக்கைப் போட்டேன்.
உலை வைத்து, அரிசி அளந்து,
உள்ளே கை விட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன்.

விரல்கள் நெருங்கி நெருங்கி
உள்ளங்கைக்குள் ஒடுங்கியிருந்தன.
பொறிவண்டைப் பிடித்த சிறுவன்
நசுங்கிவிடுமோ என்று மூடிக்கொள்வானே,
அப்படி ஒரு பிடி.
விலை ஏறிய மாதத்திலிருந்தா,
அதற்கும் முன்பிருந்தா?
யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.
நானும் முடிவு செய்யவில்லை.
தினம் இரண்டு வேளை தவறாமல்
என் கை தானாகவே சிறுத்துக்கொண்டு வந்திருக்கிறது.
நோட்டில் என் பெயருக்கு நேரே
ஒரு வாரமும் விடுபட்டதில்லை.

ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கட்டம் போட்டேன்.
தலைப்பு: கடன்.
சைரெம்மாவி, மூன்று பிடி.
அதற்கு மேலே, இடுக்கில்,
என் பெயர்.

எவ்வளவு என்று எழுத வேண்டிய இடத்தில்
பேனா நின்றது.
ஜெல் மை ஊறி,
ஒரு புள்ளி,
அரிசியளவு,
பிறகு அதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

உலை கொதிக்கத் தொடங்கிவிட்டது.
அரிசி இன்னும் போடவில்லை.