மேயாத வேலி

கணக்கு நோட்டின் முதல் பக்கம்:
டிசம்பர். மலோட்டி மலை. மூவாயிரத்து நூறு மீட்டர்.
இருநூற்றுப் பதினேழு செடி.
எண்ணியவள் கெனெவே.
அது நான்தான். கையெழுத்தில் ஈரம் பட்டிருக்கிறது.

பூ என்று பெரிதாக ஒன்றுமில்லை.
சட்டைப் பொத்தான் அகலம்.
மஞ்சளா வெள்ளையா என்று
முடிவெடுக்காமல் பாதியில் நின்ற நிறம்.
நடுவே, படுக்கை வசத்தில், ஒரு கறுப்புக் கீற்று.
ஆட்டுக்கண் என்கிறார்கள் மேய்ப்பவர்கள்.
லத்தீனில் அதற்கு இருக்கும் பெயரைச்
சொல்லி முடிப்பதற்குள் மேகம் வந்து மூடிவிடும்.
இந்தச் சரிவில் மூன்று கால்பந்துத் திடல் நிலம்,
அவ்வளவுதான் அதற்கு வாய்த்த பூமி.

அந்தப் பூமியில்
நூற்று நாற்பது அங்கோரா ஆடுகள்
அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தன.
மொட்லலெபுலா பாறைமேல் குந்தியிருந்தான்.
தோளில் ஊக்கு குத்திய போர்வை, காலில் ரப்பர் பூட்ஸ்,
காதோடு ஒட்டிய ரேடியோ.
“எண்ணுகிறாயா?” என்றான்.
“நானும்தான், தினம் இரண்டு வேளை. நூற்று நாற்பது.”
நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது வேலை இருந்தது.

மசேருவிலிருந்து அனுமதி வந்தது.
கழுதைக்கு ஒரு சுருளாகக் கம்பி வந்தது.
அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தேன்:
இனி இங்கே மேய்ச்சல் இல்லை.
படித்தான். மடித்தான். தொப்பிக்குள் வைத்தான்.
சீழ்க்கையடித்து
மந்தையை அந்தப் பக்கம் இறக்கிக்கொண்டு போனான்.
ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்,
நான் தூங்கியிருப்பேன்.

இரண்டாம் ஆண்டு நூற்று எண்பது.
மழை குறைவு என்று எழுதினேன்.
மூன்றாம் ஆண்டு தொண்ணூற்று நான்கு.
ஜூலைப் பனி போதவில்லை என்று எழுதினேன்.
நான்காம் ஆண்டு முப்பத்தொன்று.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.

புல் மட்டும் முழங்கால் தாண்டியிருந்தது.
நல்ல புல். காற்றுக்கு அலையடிக்கும்.
அதைப் படமெடுத்து
அறிக்கையின் அட்டையில் போட்டிருந்தார்கள்.

அன்று மதியம் ஒதுங்குவதற்காக
வேலிக்கு வெளியே போனேன்.
அடுத்த ஊர் மந்தைகள் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் போய்
மண் தெரியத் தேய்ந்துபோன தடம்.
குந்திய பிறகுதான் பார்த்தேன்,
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.
குளம்புப் பள்ளத்தில் ஒன்று.
புழுக்கைக் குவியல் ஓரம் இரண்டு.
வெட்கம் மறந்து அங்கேயே எண்ண ஆரம்பித்து
பதினொன்றில் நிறுத்தினேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள்.
என் வேலி மேயவில்லை.
அதுதான் அது செய்த குற்றம்.

கீழே அவன் பட்டிக்கு இறங்க மூன்று மணி நேரம்.
வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள்
நாய் குரைத்ததும் ஓடிவிட்டன.
சோளக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தவன்
திரும்பாமலே கேட்டான்:
“எத்தனை?”
“முப்பத்தொன்று.”
கரண்டியைத் தட்டி ஓரத்தில் வைத்தான்.
“என்னிடம் எழுபத்தெட்டு.
அந்தப் பக்கம் புல் பற்றாது.”
களியில் பாதியை மூடித்தட்டில் போட்டு
என் பக்கம் தள்ளினான். உப்பில்லை. தின்றேன்.

தாள் இன்னும் தொப்பிக்குள்தான் இருந்தது.
திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் குறடு என் கையில், கம்பி அவன் கையில்.
மசேருவுக்கு இன்னும் எழுதவில்லை.
வெட்டிய சுருளைக் கோழிக்கூட்டுக்கு என்று
எடுத்து வைத்துக்கொண்டான்.
ஆடுகள் திறப்பில் தயங்கின.
பிறகு ஒரு கிடாய் நுழைந்தது,
பிறகு எல்லாம்.

நேராக வந்தது ஒரு பெட்டை.
அத்தனை புல்லையும் விட்டுவிட்டு
என் பூட்ஸுக்குப் பக்கத்தில் குனிந்து
ஒரு ஆட்டுக்கண்ணை
நிதானமாகக் கடித்தது.

அவன் என்னைப் பார்த்தான்.
நான் நோட்டைத் திறந்து
முப்பது என்று எழுதினேன்.