நிகர எடை

வெள்ளகோவில் தாண்டி மூலனூர் ரோட்டில்
என் எடைமேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
நாற்பத்தெட்டு என்று ஒன்று அதற்குக் கிடையாது.
ஐம்பது என்றது நாயை.

சங்ககிரி டிரைவர் அர்த்தனாரி
மழை நாளில் கேபினிலிருந்து இறக்கிவிட்ட குட்டி.
"ராட்வீலருங்ணா, சாதி நாய்.
வீட்ல ஏத்த மாட்டேங்கறா."
திரும்ப வரவேயில்லை.
வளர்ந்த வளர்த்தியைப் பார்த்து
கோதாமணிதான் டாரஸ் என்று பேர் வைத்தாள்.

பக்கத்துக் களத்தில் கொப்பரை காயும்.
காக்காய் விரட்டுகிற சாக்கில்
மாதம் அரை மூட்டை உள்ளே போகும்.
அந்த எண்ணெய்தான் அதன் தோளில் பளபளத்தது.

ஆடிக் காற்றில் ஒரு தார்ப்பாய் பறந்தது.
துரத்தி ஓடிச் சட்டென்று திரும்பியது.
கயிறு அறுகிற சத்தம் கேட்டது என்று
பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.
நிஜத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
ரசீது கிழித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம்
விரல் விரலாகப் பிரித்து வேலமுள் தேடினேன்.
அடுத்த வாரம் விளக்கெண்ணெய்.
மூன்றாம் வாரம்தான் அது உட்காருவதைப் பார்த்தேன்:
வலது பின்னங்காலை மடக்காமல்
பக்கத்தில் தள்ளி வைத்துக்கொண்டு,
அடுத்தவர் செருப்பைப் போல.

நாமக்கல்லில் டாக்டர் யாஸ்மின்
தொடையை ஒரு கையிலும் கெண்டையை ஒரு கையிலும் பிடித்து
மெல்லத் தள்ளினார்.
மேசை டிராயர் போல முழங்கால் முன்னால் வந்தது.
"ஜவ்வு கிழிஞ்சிருக்கு.
எலும்பை அறுத்துத் திருப்பித் தகடு வைக்கணும்.
இன்னொரு காலும் போகலாம், பாதிக்குப் பாதி.
எடையைக் குறைங்க."
எடையா, என்றேன். என்னிடமா.

லோடு வண்டி, காலி வண்டி, கழித்தால் சரக்கு.
இருபது வருஷமாக இந்தக் கணக்கில்தான் சோறு.
ஆனால் நாலு காலில் நின்றாலும் மூன்றில் நின்றாலும்
மேடை அதே ஐம்பதைத்தான் காட்டியது.
எந்தக் கால் சுமக்கிறது,
எது சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது,
அது கேட்பதில்லை.
நானும் கேட்டதில்லை.

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம்,
பதினெட்டாயிரம் கழிவில்.
கோதாமணி ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு நாள் கழித்து,
"எம்மூட்டுக்கு மாத்திரையோட அனுப்பிச்சாங்க" என்றாள்.
சொல்லிவிட்டு
நாய்க்குச் சுரைக்காய் வேகவைக்கப் போனாள்.

தகடு வைத்து எட்டு வாரம் கட்டுத்தறி.
பிறகு தண்ணீரில் நடக்கவிடச் சொன்னார்.
பிஏபி வாய்க்காலில் ஏழு நாள் தண்ணி, ஏழு நாள் அடைப்பு.
டாரஸ் ஒரு வாரம் நடக்கும்,
ஒரு வாரம் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக் குரைக்கும்.
கயிறு என் கையில். கோதாமணி கரையில்.
மூன்றாம் முறை தண்ணி வந்தபோது
அவளும் இறங்கினாள்,
சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு,
எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல்.

தை மாதம், காலை பதினொரு மணி.
ஈரத்தோடு வந்து மேடையில் ஏறியது.
காய்ந்த இரும்பில் மூன்று தடம் முழுசாக.
நாலாவதில் இத்தனை நாளும்
நகமும் இரண்டு விரல் பொட்டும்தான்.
இன்றைக்கு அடியில்
உள்ளங்கால் மெத்தையும் விழுந்திருந்தது, மங்கலாக.
திரையில் நாற்பது.

குனிவதற்குள் பின்னால் தேங்காய் லோடு ஹாரன்.
"நாயை எறக்குங்ணா, எடை சேர்ந்துரும்."

இறக்கினேன். தடம் காய்ந்துவிட்டது.
அவனுக்குக் காலி வண்டி எடையை
இரண்டு தரம் தப்பாக எழுதினேன்.