முத்திரை ஆய்வாளர் விடுப்பில்

எட்டு நாளில் ஐந்து நாடு.
அதில் ஃப்ரைபுர்குக்கு மூன்றரை மணி நேரம்.
மற்றவர்கள் குயில் கடிகாரம் வாங்கப் போனார்கள்.
நான் தெருவோர ஓடையில் காலை விட்டு
ஒரு செருப்பு மட்டும் சளக் சளக்கென
தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தேன்.

"ஓடையில் தவறிக் கால் வைத்தால்
இந்த ஊர்க்காரனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும்"
என்றாள் வழிகாட்டி அன்னெகிரேட்.
ஈரோட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்றேன்.
அவர் நீச்சல் பழகட்டும் என்றாள்.

சிவப்புக் கல். கழுத்தை ஒடிக்கும் கோபுரம்.
எல்லோரும் அண்ணாந்திருக்க
அவள் என்னை வாசல் சுவர்முன் நிறுத்தினாள்.

கல்லில் ஒரு கோடு: துணிக்கு முழம்.
ஒரு கட்டம்: செங்கல் இவ்வளவு.
பிறகு வட்டங்கள்.
ரொட்டி.
1270 என்று ஒன்று, 1317 என்று ஒன்று.
விளைந்தால் ஒரு வட்டம், பொய்த்தால் ஒரு வட்டம்.
காசு அதே காசு.
ரொட்டிதான் இளைக்கும்.

"வறட்சியா?"
"மழை."
தவறாகக் கேட்டுவிட்டதென மறுபடி கேட்டேன்.
மழைதான். வருஷக்கணக்கில் ஓயாத மழை.
கதிர் நின்றபடியே அழுகியது,
வைக்கோல் காயவில்லை, உப்பும் காய்ச்ச முடியவில்லை.
பஞ்சம் என்றால் எனக்கு வெடித்த ஏரி.
வானத்தைப் பார்த்து
போதும் போதும் என்று கும்பிட்ட ஊரை
இன்றுதான் பார்க்கிறேன்.

எடை குறைத்த ரொட்டிக்காரனைச்
சில ஊர்களில் கூண்டில் அடைத்து
ஆற்றில் முக்கி எடுப்பார்களாம்.
எங்களிடம் அபராதம், ரசீதுடன் என்றேன்.
அப்போதுதான் என் வேலையைக் கேட்டாள்.

தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்துகிறவள்.
இருபத்தாறு வருஷம்.
சோழர் காலத்துக் கோயில் சுவரில்
நிலமளக்கும் கோலை வெட்டிவைத்திருப்பதைச் சொன்னேன்.
"அங்கேயும் மனுஷரை நம்பவில்லையா?" என்றாள்.
"சாமியை வைத்துத்தான் நம்பினோம்."
இருவரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம்.

உள்ளே மண்டபத்தில் ஒரு சிலை காட்டினாள்.
முன்னால் கனவான், புன்னகை.
சுற்றிப்போய்ப் பார்த்தால்
முதுகு நிறையத் தேரையும் பாம்பும்.

2009, ஆடி மாதம்.
நியாயவிலைக் கடை. பெயரிலேயே நியாயம்.
சீனித் தட்டைத் திருப்பினேன்,
அடியில் ஒட்டியிருந்தது ஐம்பது கிராம் புளி.
செங்கோடன் மறுக்கவில்லை.
மகளுக்குப் பேறுகாலம் என்றான்,
ஒரு தரம் என்றான்.
புளியைச் சுரண்டி எறிந்துவிட்டு
"சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
காசு வாங்கவில்லை. அதைப் பல வருஷம்
எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நானூற்றுப் பன்னிரண்டு அட்டை.
மாதத்துக்கு இருபது கிலோ சொச்சம்.
எத்தனை மாதமாக என்று
அன்று நான் கேட்கவில்லை.

அன்னெகிரேட்டிடம் இதைச் சொல்லவில்லை.
என் ஆங்கிலத்துக்கும் அவள் ஆங்கிலத்துக்கும் இடையில்
புளிக்கு இடமில்லை.

வெளியே சந்தை. கம்பு ரொட்டி ஒன்று வாங்கி வந்து
ஆளில்லாத நேரமாகப் பார்த்து
கல் வட்டத்தில் வைத்து அழுத்தினேன்.
ஒரு பக்கம் வழிந்தது, ஒரு பக்கம் எட்டவில்லை.
மாவு ஒட்டிய கல்லைத்
துப்பட்டா நுனியால் துடைத்தேன்.
எழுநூறு வருஷத்தில் எத்தனை கை
இதே பசியோடு, இதே சந்தேகத்தோடு.

பேருந்துக்கு ஒன்பது நிமிடம்.
பாலாடைக்கட்டிக் கடையில் மின்தராசு,
பக்கவாட்டில் அரசு முத்திரை, வருஷத்தோடு. நடப்பில் உள்ளது.
போயிருக்கலாம்.
ஆனால் கை தானாகப் பலகையைப் பிடித்தது,
குனிந்து
தட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன்.

கடைக்காரரும் கூடவே குனிந்தார்,
நான் எதையோ தவறவிட்டேன் என்று நினைத்து.