பதினேழு நிமிடம்

சூளகிரி மேம்பாலத்துக்குக் கீழே
என் கம்பெனி பஸ் வந்து நிற்பது ஐந்து ஐம்பதுக்கு.
இரவு ஷிப்ட் முடிந்து மாதேஷ் இறங்குவது
ஐந்து முப்பத்துமூன்றுக்கு,
ஓசூர் வண்டி தாமதிக்காத நாளில்.
சாயங்காலம் நான் திரும்பும்போது
அவன் போயிருப்பான்.
ஞாயிறு எனக்கு லீவு, அவனுக்குத் தூக்கம்.

அந்தப் பதினேழு நிமிடம்தான் எங்கள் குடும்பம்.

ஒரு டீயை இரண்டாக்க வேண்டும்.
கேஸ் சொல்லியாச்சா, வாடகைக்கு எவ்வளவு குறையுது,
உங்கம்மா மாத்திரை போட்டாங்களா.
அவன் சட்டையில் வார்ப்பட மண் வாசனை.
என் விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோய்
ரேஷன் மெஷின் என்னை நம்புவதில்லை.

நேற்று டீக்கடை டிவியில் ஒருவர்
பிள்ளைகள் குறைகிறார்கள் என்று வருந்தினார்.
இரண்டாவதற்கு இவ்வளவு, மூன்றாவதற்கு இவ்வளவு,
திட்டம் வரப்போகிறதாம்.
முனிரத்தினம் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"அன்னிக்கு விரலை மடக்குன்னாங்க,
இன்னிக்கு நீட்டுங்கறாங்க."

பென்னாகரம் முகாமில்
அம்மாவைப் படுக்கவைத்தபோது எனக்கு மூன்று வயது,
தங்கைக்கு நாற்பது நாள்.
அன்று கொடுத்த எவர்சில்வர் குடத்தில்
இன்னும் தண்ணீர் பிடிக்கிறாள்.
அடியில் பற்றவைத்திருக்கிறது.
ஒழுகுவதில்லை.

போன ஞாயிறு கஸ்தூரி சிஸ்டர் வந்தார்,
மற்ற நாளில் இந்த லைன் வீடுகளில்
பூட்டைத்தான் பார்க்கலாம் என்று.
பதிவேட்டைப் பிரித்து,
"நாலு வருஷம் ஆச்சில்ல?" என்றவர்
என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.
பென்சிலால்.
பேனா காதோரம் இருந்தது, பார்த்தேன்.
"பெத்துக்கச் சொல்லச் சொன்னாங்களா சிஸ்டர்?"
"எனக்கே ஒண்ணுதான்மா.
அதையும் ஹாஸ்டல்ல விட்டிருக்கேன்."

வேண்டாம் என்றில்லை எனக்கு.
ஒரு நாளைக்கு எழுநூறு போன்கள்
என் கையில்தான் முதன்முதலாகக் கண் திறக்கின்றன.
கருப்புத் திரையில் வெள்ளையாக ஒரு புள்ளி,
பிறகு வெளிச்சம்.
நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி
யாருக்கோ அனுப்பிவிடுகிறேன்.

ஐயா, பணம் இருக்கட்டும்.
எங்கள் இருவரில் ஒருவருக்கு
ஷிப்ட் மாற்றித்தர ஏதாவது திட்டம் உண்டா?
எந்த ஆபீசில் கேட்க வேண்டும்?

இன்று ஓசூர் வண்டி எட்டு நிமிடம் தாமதம்.
மிச்சம் ஒன்பது.
டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்:
"பேர் ஏதாவது யோசிச்சியா?"

யோசித்துத்தான் வைத்திருந்தேன்.
சொன்னேன்.
பஸ் ஹாரனில் அவனுக்கு என்ன கேட்டதோ,
ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால்
தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்,
காலி கிளாஸோடு.