ஆறு நாற்காலி

இந்தக் கதையில் கோட்டை இல்லை.
பர்ன்லி நகரம். 1932, நவம்பர்.
ஈரக் கரியின் வாசனை,
பூட்டிய பருத்தி ஆலை,
முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில்
பதினேழாம் எண்.

வில்ஃப்ரெட் ஆர்மரோட்
இருபத்தாறு வருடம் தறி மேற்பார்த்தவன்.
இப்போது அவன் வேலை
சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது.
ஞாயிறு மட்டும் மெதடிஸ்ட் ஆலயத்தில்
காணிக்கைத் தட்டு ஏந்துவான்.
ஒரு பென்னி குறைந்ததில்லை என்று பேர்.
வீட்டில் விற்காமல் மிஞ்சியிருந்தது
அந்தப் பேர் ஒன்றுதான்.

மகன் கிளிஃபோர்ட் ரொட்டி வண்டி தள்ளுகிறான்,
வாரம் பத்தொன்பது ஷில்லிங்.
அவன் இந்தக் கூரையின் கீழ் தூங்கினால்
அப்பனின் உதவித்தொகையில் அது கழியும்.
சட்டம் அப்படி.
ஆகவே, காகிதத்தில்,
அவன் எதிர்வரிசை விதவை ஹார்கிரீவ்ஸ் வீட்டு வாடகையாள்.
இரவில் பின்சந்து வழியாக
பூட்ஸைக் கையில் பிடித்தபடி வருவான்.
எல்லாம் பேசி வைத்ததுதான்.
அடுப்படியில் ஹானா கேள்வி கேட்க
வில்ஃப்ரெட் பதில் சொல்லிப் பழகினான்,
ஞாயிறு பள்ளிப் பையன் போல.

அதிகாரி வந்தார்.
குடையை வாசலில் உதறினார்.
நாற்காலி எத்தனை?
ஆறு.
தலை எத்தனை?
மூன்று. நான், இவள், மகள் எட்னா.
அப்போது மூன்று கூடுதல், விற்றுவிடுங்கள்
என்று எழுதினார்.
பிறகு அவர் கண்
தொட்டியருகே கவிழ்த்திருந்த கோப்பைகள் மேல் போனது.
நான்கு.

கோப்பைக்கு யாரும் ஒத்திகை பார்க்கவில்லை.

பொய் சொல்லிப் பழகியவனுக்கு அளவு தெரியும்.
சமைத்தே அறியாதவன் உப்பிடுவது போல
அள்ளிப் போட்டான் வில்ஃப்ரெட்.
"எனக்கு மகனே இல்லை.
அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லை, ஐயா."
அறுநூறு தறிகளின் இரைச்சலைத் தாண்டிக்
கூப்பிட்டுப் பழகிய குரல்.
மாடிப்படியில் கிளிஃபோர்ட்,
கையில் பூட்ஸ்.

பொய் என்று அவனுக்குத் தெரியும்.
இரவுச் சாப்பாட்டில் அவன்தான் அதைச் சொல்லிச் சிரித்தான்.
"பிறக்காதவனுக்கு இன்னொரு உருளைக்கிழங்கு, அம்மா."
எட்னா விழுந்து விழுந்து சிரித்தாள்.
மூன்று நாள் கழித்து
பழைய சாமான்காரன் வண்டி
நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனது.
அன்றிரவு கரிப்பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டான்.
அதற்கடுத்த வாரம்
உண்மையிலேயே எதிர்வீட்டில் தூங்கினான்.
கிறிஸ்துமஸுக்குப் பிறகு கோவென்ட்ரி.
பிறகு கப்பல் படம் போட்ட ஓர் அஞ்சலட்டை.
பிறகு முகவரி இல்லை.

உதவித்தொகை முழுசாக வந்தது,
இருபத்து மூன்று ஷில்லிங், மூன்று பென்னி.
ஹானா எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.

முதுகில் புண்பட்ட மன்னர்கள் முன்பு
நாணி வடக்கிருந்தார்கள்.
முழவு ஓய்ந்தது, பாணர் யாழை மறந்தார்கள்,
ஊரே உழவை நிறுத்தியதாம்.
பதினேழாம் எண் வீட்டுக்கு ஒரே ஜன்னல்,
அதுவும் வடக்கே.
வில்ஃப்ரெட் அதன் முன்னால் உட்கார்ந்தான்.
குளிர் அடிக்குமே, தள்ளி உட்காரேன்
என்றார்கள் அண்டை வீட்டார்.
அவன் பட்டினி கிடக்கவில்லை.
கொடுத்த ரொட்டியைத் தின்றான்,
இன்னும் பத்தொன்பது வருடம் இருந்தான்.

அடுத்த நவம்பரில் வேறோர் அதிகாரி.
நாற்காலி?
மூன்று.
தலை?
இம்முறை அது பொய் இல்லை.
குரல் எழும்பவில்லை.
அவர் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.