இரண்டாம் கொதிகலன் அறை: பணிமாற்றக் குறிப்பேடு

மார்ச் 3. அகுலீனா.
அழுத்தம் சரி. நீரின் சூடு எழுபத்தெட்டு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கவ்ரீல், மூன்றாம் பம்புக்கு மேல்
குழாய் வளைகிற இடத்தில் ஒரு பால் அட்டைப்பெட்டி இருக்கிறது.
சாப்பாடு என்று திறந்துவிடாதே.
பெட்டூனியா.
விதை என்று சொல்லவே கூச்சம்,
மூக்குப்பொடியைவிடச் சன்னம்.
மண் போட்டு மூடவில்லை, அதற்கு வெளிச்சம் வேண்டும்.
ஒரு கரண்டி பனியைப் பரப்பி
பனியின் மேல் தூவினேன்.
எவ்வளவு கீழே இறங்கவேண்டுமோ
அவ்வளவே கூட்டிப்போகும்
உருகும் தண்ணீர்.
அளவுமானிக்கு மேலுள்ள விளக்கை அணைக்காதே.

மார்ச் 4. கவ்ரீல்.
அழுத்தம் சரி. பெட்டியில் ஒன்றுமில்லை.

மார்ச் 7. கவ்ரீல்.
ஒன்றுமில்லை. நிலக்கரி இரண்டு லாரி வந்தது.

மார்ச் 12. கவ்ரீல்.
பச்சையாக ஏதோ. பாசியோ என்னவோ.
துடைக்கவில்லை.

மார்ச் 12. அகுலீனா.
பாசி இல்லை.

ஏப்ரல் 16. அகுலீனா.
பனி இன்னும் இடுப்பளவு.
வெயில் மட்டும் முன்னால் வந்துவிட்டது,
பெட்டி இல்லாத பயணிபோல.
செண்டுமல்லி எட்டுப் பெட்டி போட்டிருக்கிறேன், ஜன்னலோரம்.
ஆறு வாரம் போதும் அதற்கு. முந்திப் போட்டால்
வெளிச்சத்துக்கு எட்டி எட்டி
கழுத்து மட்டும் வளரும்.
தீயணைப்பு வாளியிலிருந்து இரண்டு கை மணல் எடுத்தேன்.
ஆய்வாளர் கேட்டால் உனக்குத் தெரியாது.
மணலில் பாப்பி விதையைக் கலந்து
தெருக்குழாய் ஓரம் பனிமேலேயே வீசிவிட்டேன்.
அதற்குக் குளிர் பட்டால்தான் கண் திறக்கும்.
மதியம் போய்ப் பார்த்தேன்:
கருப்பு அல்லவா,
ஒவ்வொரு விதையும் வெயிலை இழுத்து
தனக்கென்று ஒரு கிணறு வெட்டி
அதில் இறங்கிக்கொண்டிருந்தது.

மே 17. கவ்ரீல்.
ஆறு உடைந்துவிட்டது. சத்தம் இங்கே கேட்டது.
பகலில் பத்தொன்பது. சட்டையோடு நின்றேன்.

மே 18. கவ்ரீல்.
அழுத்தம் சரி.
அகுலீனா, ஜன்னலோரம் புழுக்கமாக இருந்தது.
செண்டுமல்லி தலை தொங்கியது.
எட்டுப் பெட்டியையும் வெளியே வைத்தேன், நல்லதுதானே என்று.
நள்ளிரவில் இரண்டாம் பம்பு அடைத்துக்கொண்டது,
அதோடு மல்லுக்கட்டியதில் மறந்தேபோனேன்.
நான்கு மணிக்கு மைனஸ் ஐந்து.
எல்லாம் வெந்த கீரை மாதிரி.
உள்ளே கொண்டுவந்து குழாய்மேல் வைத்துப் பார்த்தேன்.
குழாயால் ஆகவில்லை.
இந்தப் பேட்டில் நான்
இவ்வளவு எழுதியதே இல்லை.

மே 18. அகுலீனா.
பழுது: செண்டுமல்லி, எட்டு.
காரணம்: மே மாதம்.
ஐஸ் போனபின்னும் குளிர்
விட்டுப்போன தொப்பியை எடுக்க ஒருமுறை திரும்பி வரும்.
வெளியே வைப்பது முதல் நாள் ஒரு மணி நேரம்,
மறுநாள் இரண்டு, காற்றுக்கு மறைவாக.
எழுதி வைத்திருக்கவேண்டியது நான்.
பெட்டூனியாவை நீ தொடவில்லை, நன்றி.

ஜூன் 4. அகுலீனா.
நாளை அடுப்பு அணைக்கிறார்கள்.
முழங்கை ஆழம் வரை மண் இளகிவிட்டது.
அதற்குக் கீழே என்றுமே இளகாதது,
அது நம்முடைய கணக்கில் இல்லை.
காலிப் பெட்டிகளின் மண்ணைக் கொட்டி
நாஸ்டர்டியம் விதையை நேரே ஊன்றினேன்.
கடலை பருமன், விரல் முட்டி ஆழம்.
இராத்திரியே இல்லாத மாதம் இது,
தூங்காமல் வளரட்டும்.
நடவு பத்தாம் தேதிக்குமேல். வந்தால் வா.

ஆகஸ்ட் 29. கவ்ரீல்.
முதல் தீ. அழுத்தம் ஏறுகிறது, மெதுவாக.
மூன்றாம் பம்புக்கு வாஷர் மாற்றவேண்டும்.
காலையில் வாளித் தண்ணீரில் மெல்லிய ஏடு.
நாஸ்டர்டியம் கருகிவிட்டது.
பாப்பி முன்பே உதிர்ந்து
காய்மட்டும் நிற்கிறது, ஆட்டினால் கிலுகிலுக்கிறது.
சம்பள உறையில் கொஞ்சம் தட்டி எடுத்து
இந்தப் பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.
மணல் வாளியை
நிரப்பவில்லை.